எத்தனை கோடி என்பது இருக்கட்டும், எத்தனை பேர்?

தமிழ் நாளிதழ்களில் சினிமாப் பக்கத்தைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

காவிரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூர்த் திரையரங்கில் 1981 முதல் 2012 வரை வேலை பார்த்தவன் நான். டிக்கெட் கிழிக்கச் சேர்ந்து, பிறகு கவுன்ட்டருக்கு வந்து, கடைசிப் பதினைந்து ஆண்டு மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் திரையரங்கு இப்போது கல்யாண மண்டபம். அதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே இப்போதும் கூட்டம் வருகிறது, சாப்பாடும் போடுகிறார்கள்.

என் வருத்தம் வேறு. சில வாரங்களுக்கு முன் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில், எல்லாக் காலத்திலும் அதிகம் வசூலித்த பத்துத் தமிழ்ப் படங்கள் என்று ஒரு பட்டியல் பார்த்தேன். பத்தும் 2018-இலும் அதற்குப் பிறகும் வந்தவை. நான் முப்பத்தோரு ஆண்டு கிழித்த டிக்கெட்டுகளில் ஒன்றுகூட அந்தப் பத்தில் இல்லை. எல்லாக் காலத்திலும் என்று தலைப்பில் போட்டுவிட்டு, நேற்றையும் முந்தாநாளையும் மட்டும் காட்டினால் எப்படி? அந்த நாளிதழை மட்டும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இதே பட்டியலை வெவ்வேறு படங்களோடு நீங்கள் எல்லோரும் போடுகிறீர்கள்.

திரையரங்கில் வேலை பார்த்தவர்களுக்கு டி.சி.ஆர். என்றால் தெரியும். அன்றாட வசூல் அறிக்கை. ஒவ்வொரு காட்சிக்கும் அதை எழுதியாக வேண்டும். தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று வகுப்புக்கு ஒரு வரி. அந்த வரியில் பணம் முதலில் வராது. டிக்கெட் கட்டின் தொடக்க எண், முடிவு எண், இரண்டையும் கழித்தால் விற்ற டிக்கெட் எத்தனை என்பது, இவைதாம் முதலில். அதற்குப் பிறகுதான் விலை, பெருக்கல், மொத்தம், கேளிக்கை வரி, வரி போக மிச்சம். விநியோகஸ்தர் அனுப்பிய பிரதிநிதி பக்கத்தில் நின்று சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். சந்தேகப் பிராணியாக இருந்தால் உள்ளே போய்த் தலைகளையும் எண்ணிவிட்டு வருவார்.

முதலில் ஆள், அந்த ஆளிலிருந்துதான் ரூபாய். நீங்கள் அச்சிடுவது பெருக்கி வந்த விடையை மட்டும். எதை எதனால் பெருக்கினார்கள் என்று சொல்வதே இல்லை. எங்கள் ஊரில் நான் கவுன்ட்டரில் உட்கார்ந்த புதிதில் பெஞ்சு டிக்கெட் ஒரு ரூபாய் சொச்சம். 2019-இல் சென்னையில் ஒரு நல்ல இருக்கை 190 ரூபாய்க்குப் பக்கத்தில். இந்த இரண்டு விலைகளால் பெருக்கி வந்த விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி எது பெரிது என்று கேட்டால், ஐந்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்கூடச் சிரிப்பார்.

2024 ஆவணியில் என் தங்கை ஒரு மனைக்கட்டை விற்றாள். 2007-இல் 4 லட்சத்துக்கு வாங்கியது. வரிக் கணக்குப் பார்த்த ஆடிட்டர் அந்த 4 லட்சத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் பணவீக்கக் குறியீட்டு அட்டவணையை எடுத்தார். அதில் 2001-02-க்கு 100, 2007-08-க்கு 129, 2024-25-க்கு 363. நாலு லட்சத்தை 363-ஆல் பெருக்கி 129-ஆல் வகுத்தார். பதினொன்றே கால் லட்சம் வந்தது. உன் நிலத்தின் பழைய விலை இன்றைய ரூபாயில் இதுதான் அம்மா என்றார்.

அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே நான் இன்னொரு கணக்குப் போட்டேன். 2007-இல் 100 கோடி வசூலித்த ஒரு படம், அதே அட்டவணைப்படி 2024-25-இல் 281 கோடிக்குச் சமம். உங்கள் பட்டியலில் இன்றைய 250 கோடிப் படம் ஜம்மென்று மேலே உட்கார்ந்திருக்கும். அன்றைய 100 கோடிப் படத்தின் பெயரே இராது. இத்தனைக்கும் அந்த அட்டவணை விலைவாசி உயர்வில் முக்கால் பங்கை மட்டுமே கணக்கில் எடுப்பது. முழுவதும் எடுத்தால் வித்தியாசம் இன்னும் கூடும். ஒரு மனைக்கட்டுக்குக் கிடைக்கிற நியாயம் ஒரு படத்துக்குக் கிடைக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான் என்றால், பணவீக்கத்தைக் கணக்கில் சேருங்கள் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி முடித்திருப்பேன். சினிமா டிக்கெட் அரிசி, பருப்போடு சேர்ந்து ஏறுவதில்லை என்பதுதான் சிக்கல்.

சென்னை மல்டிபிளெக்ஸ்களில் அதிகபட்ச டிக்கெட் விலை ஏறக்குறையப் பத்து ஆண்டு 120 ரூபாயிலேயே நின்றது. அரசு வைத்த வரம்பு அது. 2007-08-இல் 129 ஆக இருந்த குறியீடு 2016-17-இல் 264 ஆகிவிட்டது. இட்லி ஏறியது, ஆட்டோ ஏறியது, இடைவேளை பாப்கார்ன் எங்கேயோ போய்விட்டது. டிக்கெட் மட்டும் அசையவில்லை. பிறகு 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 விழுக்காடு. 120 ரூபாய் 153 ஆனது. அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் என்றதும் திரையரங்குகளை இழுத்து மூடிப் போராடினார்கள். அக்டோபரில் அரசு அடிப்படை விலையை 150 ஆக உயர்த்தியது. அதன்மேல் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி., தமிழ்ப் படத்துக்கு 8 விழுக்காடு உள்ளாட்சி வரி. கூட்டினால் 204.

ஜூன் மாதம் 120, அக்டோபர் மாதம் 204. அதே இருக்கை, அதே திரை. ஒரே அளவு கூட்டம் ஜூனில் வந்திருந்தால் 100 கோடி என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். அக்டோபர் கடைசியில் வந்திருந்தால் 170 கோடி என்று எழுதியிருப்பீர்கள். மல்டிபிளெக்ஸ் அளவில் சொல்கிறேன். எங்களைப் போன்ற ஒற்றைத் திரை அரங்குகளில் விலை வேறு. நாலே மாதத்தில் வசூலை எழுபது விழுக்காடு ஏற்றிவிட்ட நாயகன் யார்? ஓர் அரசாணையும் ஒரு வரி அறிவிப்பும். அவற்றுக்குக் கட் அவுட் யாரும் வைக்கவில்லை.

2019 ஜனவரியில் அந்த 28 விழுக்காடு 18 ஆகக் குறைந்ததும், அதே டிக்கெட் 190-க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. அப்போது வந்த படங்களுக்கு வசூல் ஏழு விழுக்காடு குறைந்துவிட்டது என்று எந்தப் பத்திரிகையாவது எழுதியதா?

மொத்த வசூல் என்றால் வரியும் சேர்ந்தது. நிகர வசூல் என்றால் வரி போக. பங்கு என்றால் திரையரங்கின் பாகமும் போக விநியோகஸ்தர் கைக்கு வருவது. எழுபதுகளின் படத்துக்கு யாரோ நினைவில் வைத்திருக்கும் பங்குத் தொகையையும், இன்றைய படத்துக்குப் போஸ்டரில் வந்த மொத்த வசூலையும் ஒரே பத்தியில் வைப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். நிர்ணயித்த விலைக்கு மேல் முதல் மூன்று நாள் விற்கிற டிக்கெட் இன்னொரு கதை. அது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தக் கூடுதல் பணம் எந்த டி.சி.ஆர்.இலும் ஏறாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெளிநாட்டு வசூலுக்கு வருகிறேன். 2007-இல் ஒரு டாலர் 41 ரூபாயை ஒட்டி இருந்தது. 2024-இல் 83-ஐத் தாண்டிவிட்டது. நியூ ஜெர்சியில் அதே பத்தாயிரம் பேர் அதே டாலரைக் கொடுத்துப் படம் பார்த்தாலும், இங்கே ரூபாயில் எழுதும்போது வசூல் இரண்டு மடங்கு. துபாயின் திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது; அங்கேயும் இதே கதைதான். உலகமெங்கும் சாதனை என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பங்கு ரூபாய் சரிந்ததால் வந்தது. ரிசர்வ் வங்கி கவலைப்பட வேண்டியதற்கு நாம் பட்டாசு வெடிக்கிறோம்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை நெடுநாளாகப் பார்த்துவருகிறார்கள். 2019 ஜூலையில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2009-இன் 'அவதார்' படத்தைத் தாண்டிவிட்டது என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி. இரண்டும் 279 கோடி டாலரை ஒட்டி நின்றன. வித்தியாசம் ஒரு கோடிக்குள். ஆனால் அந்தப் பத்து ஆண்டில் அமெரிக்க விலைவாசி ஏறத்தாழ 19 விழுக்காடு உயர்ந்திருந்தது. 2009-இன் 279 கோடி டாலர் 2019-இல் 330 கோடிக்கு மேல் ஆகும். தொட்டுவிட்டது என்று சொன்ன இடத்துக்கு இன்னும் ஐம்பது கோடி டாலர் தூரம் இருந்தது. 2021 மார்ச்சில் சீனாவில் 'அவதார்' மறுபடி வெளியாகி, முதலிடத்தைத் திரும்பப் பிடித்தது. அதற்கும் ஒரு தலைப்புச் செய்தி. டாலர் கணக்கில் இரண்டும் உண்மை, மக்கள் கணக்கில் இரண்டுக்கும் பொருளில்லை.

அங்கே டிக்கெட் எண்ணிக்கையை மதிப்பிட்டு இன்னொரு பட்டியல் போடுகிறார்கள். வட அமெரிக்க அளவில் அதன் முதலிடத்தில் 1939-இல் வந்த 'கான் வித் தி விண்ட்'. சுமார் 20 கோடி டிக்கெட். அடுத்து 1977-இன் 'ஸ்டார் வார்ஸ்', 18 கோடிக்குச் சற்றுக் கீழே. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்', 'ஈ.டி.', 'டைட்டானிக்' எல்லாம் அதன் பிறகு 14 கோடியை ஒட்டி நெருக்கியடித்து நிற்கின்றன. டாலர் கணக்கில் அதே வட அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 2015-இன் 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்', 93 கோடி டாலருக்கு மேல் வசூலித்தும், டிக்கெட் கணக்கில் முதல் பத்துக்குள் வரவில்லை. மகன் சம்பாதித்த தொகை பெரிதுதான். வீட்டுக்கு வந்துபோன ஆட்களை எண்ணினால் தகப்பன் எங்கேயோ முன்னால் இருக்கிறார்.

இந்தப் பட்டியலிலும் ஓட்டை உண்டு. ஒரு கவுன்ட்டர்க்காரன் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பழைய படங்களுக்கு அங்கேயும் டிக்கெட்டை எண்ணி வைக்கவில்லை. வசூலை அந்தந்த ஆண்டின் சராசரி டிக்கெட் விலையால் வகுத்துத்தான் எண்ணிக்கையைப் பிடிக்கிறார்கள். அந்தச் சராசரி 1939-இல் 23 காசு போல (அவர்கள் காசு), 2019-இல் 9 டாலர் 16 காசு. நாற்பது மடங்கு. அதே காலத்தில் அங்கே பொது விலைவாசி ஏறியது பதினெட்டு மடங்குதான். அதனால் பணவீக்கத்தைச் சேர்த்துவிட்டோம் என்று ஒருவர் சொன்னால், எந்தப் பணவீக்கம் என்று கேளுங்கள்: மளிகைக்கடைப் பணவீக்கமா, டிக்கெட் கவுன்ட்டர்ப் பணவீக்கமா? இரண்டு விடைக்கும் நடுவே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

சராசரி விலையும் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. 'கான் வித் தி விண்ட்' முதலில் வந்தபோது சாதாரணப் படத்தைவிடப் பல மடங்கு விலையில் ஓடியது. 'அவதார்' முப்பரிமாணக் கண்ணாடிக்கும் சேர்த்து விற்றது. குழந்தைகள் கூட்டமாக வரும் படத்துக்கு டிக்கெட் மலிவு. ஆகவே உண்மையில் ஆட்கள் அதிகம். முதற்படத்துக்குச் சேர்ந்த 20 கோடியும் ஒரே ஓட்டத்தில் வந்ததன்று. 1947, 1954, 1961, 1967 என்று மறுபடி மறுபடி வெளியிட்டுச் சேர்த்தது. அப்போது வீட்டில் பார்க்க வேறு வழியே இல்லை. அதற்காக அந்த எண்ணிக்கையைத் தள்ளிவிடலாமா? கூடாது. 1940-இல் அமெரிக்க மக்கள்தொகையே 13 கோடி சொச்சம் என்று நினைத்துப் பார்த்தால் அதன் கனம் தெரியும்.

வகுத்துப் பிடிக்காமல் நேராக எண்ணுகிற நாடுகளும் உண்டு. தென் கொரியாவில் படத்தின் வெற்றியைப் பணத்தால் பேசுவதில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் பேசுகிறார்கள். திரையரங்குகளின் டிக்கெட் கணினிகள் எல்லாம் அவர்களுடைய திரைப்பட கவுன்சிலின் வலைப்பின்னலோடு இணைந்தவை. எண்ணிக்கை பொதுவில் கிடைக்கிறது. நாம் நூறு கோடி கிளப், ஐந்நூறு கோடி கிளப் என்று சொல்வதுபோல் அங்கேயும் ஒரு கோடிக் கணக்கு உண்டு. ஒரு கோடிப் பேர் பார்த்த படம் என்பது அங்கே தனி மரியாதை. ஐந்து கோடிப் பேர் வாழும் நாட்டில் ஐந்தில் ஒருவர்! 2014-இல் வந்த 'தி அட்மிரல்: ரோரிங் கரண்ட்ஸ்' 1 கோடியே 76 லட்சம் டிக்கெட் விற்றது. இந்த எண்ணை எந்தப் பணவீக்கமும் தொட முடியாது. பிரான்சிலும் இதே வழக்கம்தான். 2008-இல் வந்த ஒரு சாதாரண நகைச்சுவைப் படம் 2 கோடி டிக்கெட்டைத் தாண்டியது என்று நாடே சொல்லும். எத்தனை யூரோ என்று யாருக்கும் நினைவிருக்காது.

நம்மிடமும் பணமல்லாத ஓர் அளவுகோல் இருந்தது: நாட்கள். ஐம்பதாவது நாள், நூறாவது நாள், வெள்ளி விழா. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது என்று என் அப்பா காலத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அது எத்தனை லட்சம் வசூலித்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரூபாயின் மதிப்பு எவ்வளவு மாறினாலும் மூன்று தீபாவளி மூன்று தீபாவளிதான். உங்கள் பட்டியலின் கண்ணுக்கு அது படவே படாது.

நாட்கணக்கை நான் புனிதமாக்கவும் மாட்டேன். அதில் நாங்கள் செய்த தில்லுமுல்லுக்கு அளவில்லை. எண்பதாம் நாளில் படுத்துவிட்ட ஒரு படத்தை, நாயகனின் மன்றத்தார் கேட்டுக்கொண்டதற்காகப் பகல் காட்சி மட்டுமாக இருபது நாள் இழுத்திருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை உள்ளே பதினொரு பேர். அதில் இரண்டு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். நூறாவது நாள் போஸ்டரில் அந்தப் பதினொன்று இல்லை. டி.சி.ஆர்.இல் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், போஸ்டரை நம்பாதீர்கள், டி.சி.ஆரைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் நாளை ஊதினோம், இந்தக் காலத்தில் கோடியை ஊதுகிறார்கள்.

தலைக்கணக்கிலும் எல்லாம் சரியாகிவிடாது. 1981 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் 4 கோடியே 84 லட்சம். 2011-இல் 7 கோடியே 21 லட்சம். கூட்டம் கூடிய நாட்டில் டிக்கெட்டும் கூடத்தான் செய்யும். எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் கடைக்காரர் ஒரே படத்தைப் பதினெட்டு முறை பார்த்தார். அது பதினெட்டு டிக்கெட், ஒரே தலை. முன்பு சில பத்துப் பிரதிகளில் ஊர் ஊராக நகர்ந்த படம் இன்று ஒரே காலையில் ஆயிரம் திரையில் விழுகிறது. இதையெல்லாம் வாசகர் தானே யோசித்துக் கொள்வார். யோசிக்க அவருக்கு எண் வேண்டுமே. 600 கோடி என்றால் வாயைப் பிளக்கலாம், யோசிக்க அதில் ஒன்றுமில்லை. மூன்று கோடி டிக்கெட் என்றால், நம்மில் எத்தனை பேருக்கு ஒருவர் என்று உடனே மனம் கணக்குப் போடும். நம் தெருவில் யார் யார் போனார்கள் என்றும் பார்க்கும்.

நான் கேட்பது பெரிய வேலை ஒன்றுமில்லை. பட்டியல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் பட்டியல் பிடிக்கும். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள். அது வரி சேர்ந்ததா, வரி போகவா, பங்கா என்று ஒரு சொல் சேருங்கள். அந்த ஆண்டில் டிக்கெட் என்ன விலை என்று ஒரு எண். தயாரிப்பாளர் கோடியைச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தால், எத்தனை டிக்கெட் என்று கேளுங்கள். இன்று பெரும்பாலான அரங்குகளில் ஒவ்வொரு இருக்கையும் கணினியில் பதிவாகிறது. எங்களைப் போல் கட்டுக் கட்டாக எண்ணி, மைக்கறை படிந்த விரலோடு கழித்தல் போட வேண்டியதில்லை. கேட்டால் ஒரு நிமிடத்தில் எடுக்கலாம். கோடியைச் சொல்கிறவர் எண்ணிக்கையைச் சொல்ல மறுத்தால், அந்தக் கோடியை விளம்பரப் பக்கத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு போடுங்கள். செய்திப் பக்கத்தில் வேண்டாம். எண்ணிக்கை கிடைக்காத பழைய படங்களை, பட்டியலில் இல்லை என்று விடாமல், எண்ணிக்கை கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். எல்லாக் காலத்திலும் என்ற சொல்லை அதுவரை எடுத்து வையுங்கள்.

மண்டபமாக மாற்றும்போது அலுவலக அறையைக் காலி செய்தார்கள். பழைய காகிதம் என்று எடைக்குப் போட இருந்ததை, உரிமையாளரிடம் கேட்டு நான் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். 1983 முதல் 2009 வரையிலான டி.சி.ஆர். நகல்கள், இடையில் இரண்டு ஆண்டு இல்லை, வெள்ளத்தில் போய்விட்டது. எந்தத் தீபாவளிக்கு எந்தப் படத்துக்குத் தரையில் எத்தனை பேர், பால்கனியில் எத்தனை பேர் என்று எல்லாம் இருக்கிறது. ஒரே ஓர் ஊரின் கணக்குதான். என்றாலும் உங்களில் யாராவது ஒரு செய்தியாளரை அனுப்பினால், திண்ணையில் பரப்பிக் காட்டுகிறேன். ஐப்பசி மழைக்கு முன் வந்தால் நல்லது. மூன்றாவது பெட்டியில் கரையான் ஏறத் தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு திரையரங்கு மேலாளர்